தனியொருவர் தொழிலும் தளராத ஊக்கமும்

காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் காரணம் கேட்க மேலதிகாரி இல்லை. கையொப்பமிட வருகைப் பதிவேடு இல்லை. 'நேற்று ஏன் வரவில்லை?' என்று விசாரிக்க அடுத்த மேசைக்காரரும் இல்லை. ஒன்பதரைக்குத் திறந்தாலும் அதே கடைதான். பதினொன்றுக்குத் திறந்தாலும் அதே கடைதான். தனியொருவராகத் தொழில் நடத்துபவர் அனுபவிக்கும் சுதந்திரம் இது. அவருக்கு நேரும் பெருஞ்சோதனையும் இதுவே.

நம் நாட்டில் இத்தகையோர் சிறு தொகையினர் அல்லர். 2013-14-இல் நடத்தப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு, நாடெங்கும் சுமார் 5.85 கோடி தொழில் நிறுவனங்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றுள் ஏறத்தாழ 4.2 கோடி, அதாவது நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை, கூலிக்கு ஒருவரைக்கூட நிலையாக அமர்த்திக்கொள்ளாதவை. வீட்டார் கைகொடுத்து நடத்தும் கடைகளும் இதில் அடங்கும். எனினும் பெரும்பாலும் ஒருவர் தோளில்தான் பாரம் முழுவதும் இருக்கும். தையற்காரர், சைக்கிள் பழுது பார்ப்பவர், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், வீட்டிலிருந்தே ஊறுகாயும் அப்பளமும் தயாரித்து விற்கும் பெண்மணி, கணினியின் முன் அமர்ந்து பிறருக்குக் கணக்கு எழுதித்தரும் இளைஞர் என்று இவர்களை எந்த ஊரிலும் காணலாம்.

தொடக்கத்தில் இவர்களுடைய ஊக்கத்தில் குறைவிருப்பதில்லை. பெயர்ப்பலகை மாட்டிய நாளன்று இரவு உறக்கமே வராது. பிறரிடம் வேலை செய்த காலத்தில் மனத்தில் தேக்கி வைத்த கனவுகளெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். சோதனை பின்னர் வருகிறது. ஓரிரண்டு ஆண்டுகள் கழிந்து, வேலையில் புதுமை தீர்ந்து, வாடகையும் கடன் தவணையும் மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும் காலத்தில், ஒரு நாள் காலையில் பூட்டைத் திறக்கக் கை எழுவதில்லை. உடலில் நோயில்லை. செய்யவேண்டிய வேலையும் காத்திருக்கிறது. ஆயினும் மனம் நகர மறுக்கிறது. அலுவலகத்தில் பணிபுரிபவருக்கு இத்தகைய நாள் வந்தால், அங்குள்ள ஏற்பாடே அவரை எப்படியோ மாலை வரை நடத்திச் சென்றுவிடும். தனி ஆளுக்கு அந்தத் துணை இல்லை. அவர் நின்றால் தொழில் நிற்கிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், வீட்டிலுள்ள முதியோரின் மருந்தும் அதோடு நிற்கின்றன.

எனவே 'ஊக்கத்தை எவ்வாறு காப்பது?' என்று அவர் கேட்கும்போது அது ஓய்வு நேரக் கேள்வியன்று.

உற்சாகம் என்ற சொல்

'ஊக்கம் வரட்டும், பிறகு செய்யலாம்' என்பது பொதுவான எண்ணம். ஊக்கம் ஏதோ எரிபொருள் போலவும், அது நிரம்பிய பின்னரே வண்டி நகரும் என்பது போலவும் பேசப்படுகிறது. அதனால் ஊக்கம் குன்றியவர் முதலில் அதைத் தேடிப் புறப்படுகிறார். வெற்றி பெற்றவர்களின் கதைகளைப் படிக்கிறார்; எழுச்சியூட்டும் சொற்பொழிவுகளைக் கேட்கிறார். கேட்ட அன்று உள்ளம் பொங்குகிறது. மூன்றாம் நாள் பொங்கியது அடங்கிவிடுகிறது. பிறகு இன்னொரு சொற்பொழிவு தேவைப்படுகிறது.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இவ்விஷயத்தை வேறொரு கோணத்தில் நோக்குகிறது. செயல் புரிபவரைச் சாத்விகர், ராஜஸர், தாமஸர் என்று அது மூவகைப்படுத்துகிறது. சாத்விகருக்குரிய அடையாளங்களுள் இரண்டு, ஒரே தொகைச்சொல்லில் இணைந்து வருகின்றன. ஒன்று திருதி; மற்றொன்று உற்சாகம். திருதி என்றால் பிடித்து நிறுத்துதல், விடாமல் தாங்குதல். அது முதலில் நிற்கிறது. உற்சாகம் அதையடுத்து வருகிறது. தொகைச்சொல்லில் எது முன், எது பின் என்பதற்கு இலக்கணமும் யாப்பும் காரணமாகலாம் என்று ஒருவர் வாதிடக்கூடும். வாதத்தில் தவறில்லை. ஆனால் அனுபவம் இந்த வரிசைக்கே சான்று கூறுகிறது.

'உற்சாகம்' என்ற சொல்லையே பிரித்துப் பார்த்தால் 'ஸஹ்' என்னும் வேர் அதனுள் இருப்பது தெரியும். சகித்தல், சகிப்பு என்று தமிழில் வழங்கும் சொற்களும் அவ்வேரிலிருந்து பிறந்தவையே. தாங்குதல், பொறுத்தல், வெல்லுதல் ஆகியவை அதன் பொருள்கள். இன்றைய பேச்சில் உற்சாகம் என்றால் துள்ளலும் குதூகலமும் என்றாகிவிட்டது. சொல்லின் வேரோ, சுமையைத் தாங்கிக்கொண்டே மேலெழும் ஆற்றலைச் சுட்டுகிறது. திருவள்ளுவரும் ஊக்கமுடைமையைத் தனித்து நிறுத்தவில்லை. அதையடுத்து மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்று அதிகாரங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். சோம்பலும் இடையூறும் வராத ஊக்கத்தைப் பற்றி அவரும் பேசவில்லை.

தாமஸருடைய அடையாளங்களில் ஒன்றாகக் கீதை கூறும் சொல் மிகவும் சுவையானது: தீர்க்கசூத்ரீ. நேர்ப்பொருள் 'நீண்ட நூலை உடையவர்' என்பது. இன்றோ நாளையோ முடிக்க வேண்டியதை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே செல்பவர் என்று உரைகாரர்கள் விளக்குவர். தையற்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பி நூலை நீளமாக எடுத்துக்கொண்டால் அது பாதியிலேயே சிக்கு விழும் என்பதை அவர் கை அறியும். கைக்கு அடங்கிய நூலே தையலை முன்னே கொண்டு செல்லும். தனித் தொழிலில் மனம் நகர மறுக்கும் நாள்களுக்கும் இதுவே வழி. 'இந்தத் தொழிலை இன்னும் இருபது ஆண்டுகள் எப்படி நடத்தப்போகிறேன்?' என்பது நீண்ட நூல். 'இந்தச் சட்டைக்குக் காலர் தைக்க வேண்டும்' என்பது கைக்கு அடங்கிய நூல். இயந்திரத்தின் முன் அமர்ந்து முதல் தையலைப் போட்டவுடன் மனம் மகிழ்ந்துவிடும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் பத்தாம் தையலில் அது எதிர்ப்பதை நிறுத்திவிடுவதைத் தொழில் செய்பவர் எல்லோரும் கண்டிருப்பர்.

ஆகவே கடை திறக்கும் நேரத்தைத் தனி ஆள் தம் மனநிலையின் பொறுப்பில் விடலாகாது. பூஜைக்கு நேரம் குறிப்பதுபோல அதையும் குறித்துவிட வேண்டும். பூஜை வேளையில் பக்தி பெருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எவரும் விளக்கேற்றுவதில்லை.

இரண்டு கணக்குகள்

ராஜஸரிடம் உற்சாகத்திற்குப் பஞ்சமில்லை. ஆனால் அவருடைய உற்சாகம் பலனோடு கட்டப்பட்டது. எனவே பலனோடு சேர்ந்து ஏறும், இறங்கும். ஆயிரம் ரூபாய் வந்த நாளில் அவர் உலகையே வென்றவர். நூறு ரூபாய் வந்த நாளில் அவரோடு பேசவே வீட்டார் அஞ்சுவர். மாதச் சம்பளம் பெறுபவருக்கு இந்த ஏற்ற இறக்கம் முப்பது நாளுக்கு ஒருமுறைதான் தெரியும். தனித்தொழில் செய்பவருக்கோ ஒவ்வொரு மாலையும் தீர்ப்பு நாள்.

பலனைப் பற்றிக்கொண்ட ஊக்கம் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு மனவியலிலும் ஒரு சான்று உண்டு. எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க அறிஞர் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் சிலரிடம் துண்டுகளைப் பல வடிவங்களாக அடுக்கும் சோமா என்ற புதிர் தரப்பட்டது. மூன்று அமர்வுகள். இரண்டாம் அமர்வில் மட்டும் ஒரு குழுவினருக்குத் தீர்த்த புதிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் வழங்கப்பட்டது. மூன்றாம் அமர்வில் பணம் இல்லை. இடைவேளையில் விருப்பம்போல் இருக்க விட்டபோது, முன்பு பணம் பெற்ற குழுவினர் புதிரில் காட்டிய நாட்டம் முதல் அமர்வில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். இதைப் பற்றிப் பின்னாளில் அறிஞர்களிடையே நெடிய விவாதமும் நடந்தது. ஆயினும் அது சுட்டும் உண்மையைப் பலரும் தம் வாழ்விலேயே சரிபார்க்கலாம். ஒரு வேலைக்குப் பணமே ஒரே பொருள் என்று மனத்தைப் பழக்கிவிட்டால், பணம் வராத நாளில் அந்த வேலைக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

பணத்தை எண்ணாதே என்று கடைக்காரருக்கு உபதேசிப்பது எளிது. அது பொறுப்பற்ற உபதேசம். வாடகை கேட்பவரிடம் வேதாந்தம் கூற இயலாது. கணக்கை எழுதத்தான் வேண்டும். அதிலும் வீட்டுச் செலவையும் தொழில் பணத்தையும் ஒரே பெட்டியில் போடுபவருக்கு எந்தத் தெளிவும் பிறக்காது. ஆனால் பணக்கணக்கின் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் இருக்கலாம். இன்று தம் கையால் முடித்த வேலை எத்தனை? சொன்ன நேரத்தில் கொடுத்தது எத்தனை? குறை என்று திரும்பி வந்தது எத்தனை? முதற்கணக்கு மழையையும் பண்டிகையையும் போட்டிக் கடையையும் பொறுத்தது. இரண்டாம் கணக்கு பெரும்பாலும் அவரையே பொறுத்தது. கர்மத்தில் உரிமை, பலனில் உரிமையின்மை என்று மேடைகளில் விளக்கப்படும் தத்துவம், நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்திகளாக நடைமுறைக்கு வந்துவிடுகிறது. பணம் குறைந்த நாளில் இரண்டாம் பத்தி நிறைந்திருந்தால், அன்று இரவு அவர் தோற்றவராக உறங்கச் செல்ல வேண்டியதில்லை. பணம் நிறைந்து இரண்டாம் பத்தி வெறுமையாக இருந்தால், மகிழ்வதற்கு முன் சற்று யோசிப்பார். கணக்கின் பயன் இங்கேதான் அதிகம்.

துலாதாரர்

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், மோட்ச தர்மப் பகுதியில், பீஷ்மர் யுதிஷ்டிரருக்கு ஒரு வணிகரின் கதையைக் கூறுகிறார். ஜாஜலி என்ற முனிவர் காட்டில் நீண்ட காலம் கடுந்தவம் செய்தார். மரக்கட்டைபோல் அசையாது நின்ற அவருடைய சடைமுடியில் குருவிகள் கூடு கட்டின, முட்டையிட்டன. அவை பொரிந்து, குஞ்சுகள் வளர்ந்து, பறந்து சென்று, திரும்பி வராமற்போகும் வரை அவர் அசையவில்லை. கருணையும் உறுதியும் கலந்த அருஞ்செயல், ஐயமில்லை. ஆனால் அதன் பிறகு அவர் செய்தது என்ன? தோள்களைத் தட்டிக்கொண்டு, தாம் தர்மத்தை அடைந்துவிட்டதாக வெளியில் முழங்கினார். அப்போது, 'வாராணசியில் உள்ள துலாதாரருக்கு நீர் நிகராகமாட்டீர். அவர்கூட இவ்வாறு கூறிக்கொள்வதில்லை' என்னும் பொருள்பட ஒரு குரல் எழுந்தது.

சினமும் ஆவலும் கொண்டு ஜாஜலி வாராணசிக்கு வந்தபோது துலாதாரர் கடையில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தார். வாசனைப் பொருள்கள், மூலிகைகள், வேர்கள், சாறுகள் ஆகியவை அவர் விற்பனை. மதுவை அவர் விற்பதில்லை. முனிவரைக் கண்டதும் எழுந்து வரவேற்றார். குருவிகளின் கதை முழுவதையும் தாமே கூறினார். அவர் வெளியிட்ட இரகசியம் மிக எளியது. தம் தராசு எல்லா உயிர்களுக்கும் சமமாக நிற்கிறது என்றார். பிறர் செய்வதைப் புகழ்வதுமில்லை, பழிப்பதுமில்லை, எவரிடமும் பகையில்லை, எவருக்கும் தீங்கு நினைப்பதில்லை. இவற்றையே தம் சாதனையாகக் கூறினார்.

இக்கதை வழக்கமாக அகிம்சைக்கும் சமநோக்குக்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. தனித்தொழில் செய்பவர் இதை இன்னொரு நோக்கிலும் படிக்கலாம். இருவருமே தனி ஆள்கள். ஜாஜலி காட்டில் தனியே நிற்கிறார். துலாதாரர் கடையில் தனியே நிற்கிறார். இருவரிடமும் உறுதி உண்டு. வேறுபாடு பார்வையில் இருக்கிறது. ஜாஜலியைக் காண எவரும் இல்லாததால் அவர் தம்மையே காணத் தொடங்கிவிட்டார். தம் செயலுக்குத் தாமே பார்வையாளர், தாமே நடுவர், தாமே கைதட்டுபவர். துலாதாரரின் கண் தராசு முள்ளிலும் எதிரில் நிற்பவரிடத்திலும் இருந்தது.

தனிமையில் தொழில் செய்வோரை மெதுவாக அரிக்கும் நோய் இதுவே என்று தோன்றுகிறது. மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் மனம் தன்னையே மேற்பார்வையிடத் தொடங்குகிறது. 'நான் எப்படிச் செய்கிறேன்? முன்னேறுகிறேனா? என் வயதுக்காரர் எங்கே, நான் எங்கே?' என்ற கேள்விகள் நாள் முழுதும் ஓடிக்கொண்டிருக்கும். வேலையின் களைப்பைவிட இந்த விசாரணையின் களைப்பு பெரிது. மாலையில் உடல் சோர்ந்திருக்கிறது என்று அவர் எண்ணுகிறார்; உண்மையில் சோர்ந்தது தன்னைத் தானே எடைபோட்ட மனம். துலாதாரர் தராசில் பொருளை வைத்தார்; தம்மை வைக்கவில்லை. அவருடைய பெயருக்குத் 'தராசைத் தாங்குபவர்' என்று பொருள். தாங்குதலைக் குறிக்கும் அந்தத் 'தாரம்', திருதி என்ற சொல் பிறந்த அதே வேரிலிருந்து வந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

இதனால் நடைமுறையில் ஒரு மாற்றம் கூடும். மனம் நகர மறுக்கும் காலையில் 'எனக்கு இன்று எப்படி இருக்கிறது?' என்று கேட்பதற்குப் பதில், 'இன்று யாருடைய பொருள் என் கையில் இருக்கிறது?' என்று கேட்கலாம். மேசைமேல் கிடப்பது வெறும் மிக்ஸி அன்று. நாளை காலை அதை எதிர்பார்த்திருக்கும் ஒரு சமையலறை. தைக்க வந்த துணி, தீபாவளிக்கு அதை அணியப் போகும் சிறுமியினுடையது. பதில் ஓர் உயிருள்ள முகமாக வரும்போது கை தானே கருவியைத் தேடுகிறது. ஆன்ம சாதனையில் இதைச் சேவை மனப்பான்மை என்பர். பெரிய சொல், ஆனால் சிறிய கடையில் அதற்கு நிறைய இடம் இருக்கிறது.

முதல் மூன்று ஆண்டுகள்

1969-இல் அகமதாபாத்தில், குஜராத் அரசின் நிலவியல், சுரங்கத் துறையில் பணியாற்றிய வேதியியல் பட்டதாரி ஒருவர், தம் வீட்டின் கொல்லைப்புறத்தில் சலவைத்தூள் தயாரிக்கத் தொடங்கினார். கர்சன்பாய் பட்டேல் என்பது அவர் பெயர். தாமே கலந்து, தாமே பொட்டலம் கட்டி, சைக்கிளில் வைத்து வீடு வீடாகச் சென்று விற்றார். சந்தையில் முதலிடத்தில் இருந்த தூள் கிலோ 13 ரூபாய் அளவில் விற்றபோது அவருடையது சுமார் 3 ரூபாய். தம் மகள் நிருபமாவின் பெயரைத் தழுவி அதற்கு 'நிர்மா' என்று பெயரிட்டார். 1980-களில் அது நாட்டிலேயே மிக அதிகம் விற்கும் சலவைத்தூள்களில் ஒன்றாயிற்று. 2010-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றை முடிவிலிருந்து தொடங்கிச் சொல்வதே வழக்கம். சொற்பொழிவாளர்கள் சைக்கிளைச் சொல்லிவிட்டு உடனே ஆலைக்குத் தாவிவிடுவர். நான்கு கோடிப் பேரில் எத்தனை பேர் அந்த இடத்தை அடைவர்? அடைந்துவிடலாம் என்ற ஆசையைக் காட்டி ஊட்டும் ஊக்கம், ராஜஸ ஊக்கமே. ஆசை பொய்த்த நாளில் அது இரட்டிப்புச் சோர்வாகத் திரும்பும். தனி ஆளுக்குப் பயன்படுவது அவ்வரலாற்றின் முடிவன்று, அதன் தொடக்கம். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் அரசு வேலையை விடவில்லை. அலுவலக நேரத்திற்கு வெளியேதான் தொழில் நடந்தது. பின்னரே வேலையை விட்டு, நகரின் புறப்பகுதியில் சிறிய பட்டறை அமைத்தார்.

'துணிந்து குதித்துவிடு' என்று இளைஞர்களுக்கு அறிவுரை கூறுவோர் இதைக் கவனிப்பதில்லை. நாளை அரிசிக்கு என்ன வழி என்ற அச்சம் ஊக்கத்தை வளர்க்காது. பெரும்பாலும் அதைத் தின்றுவிடும். அச்சத்தில் இருப்பவர் விலையைக் குறைக்கக் கூடாத இடத்தில் குறைப்பார், முடியாத தேதிக்கு ஒப்புக்கொள்வார், தரத்தில் கைவைப்பார். தொழில் காலூன்றும் வரை வேறொரு சிறு வருமானம் இருப்பதில் கோழைத்தனம் எதுவுமில்லை. வீடு வீடாகச் சென்று விற்பவருக்கு மற்றொரு பயிற்சியும் கிடைக்கிறது. அடுத்த வாரமும் அவர் அதே வாசலில் நிற்க வேண்டும். பொருள் சரியில்லையென்றால் இல்லத்தரசி அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். அந்தச் சொல்லைத் தாங்குபவரின் பொருள் திருந்தும். தாங்காதவர் வேறு தெருவைத் தேடுவார்.

தனியே செய்வோர் தனித்திருக்க வேண்டியதில்லை

அதே அகமதாபாத்தில், 1972-இல், வேறொரு வகைத் தனி ஆள்கள் ஒன்றுகூடினர். காய்கறி விற்கும் பெண்கள், தலைச்சுமை தூக்குவோர், பழந்துணி தைப்போர், பீடி சுற்றுவோர் ஆகியோரை உறுப்பினராகக் கொண்டு இலா பட் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கமே அது. 'சேவா' என்று அதன் சுருக்கப் பெயர் வழங்குகிறது. தொழிற்சங்கமாகப் பதிவு செய்யச் சென்றபோது தொழிலாளர் துறை முதலில் மறுத்தது. இப்பெண்களுக்கு முதலாளி என்று எவரும் இல்லை. யாரை எதிர்த்துச் சங்கம்? என்பது துறையின் கேள்வி. சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டுமன்று, தொழில் செய்வோர் தம்முள் ஒன்றுபடுவதற்காகவும்தான் என்று வாதாடிப் பதிவு பெற்றனர். 1974-இல், உறுப்பினர் நாலாயிரம் பேர் தலைக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை போட்டுத் தமக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியையும் நிறுவினர். 2022-இல் இலா பட் மறைந்தார். சங்கம் இன்றும் பல மாநிலங்களில் இயங்குகிறது.

அந்தப் பெண்கள் தத்தம் தொழிலைத் தனித்தனியாகவே செய்தனர். கூடையைத் தூக்கியது ஒவ்வொருவரின் சொந்தத் தலைதான். ஆனால் கந்துவட்டிக்காரரின் முன்னும், நடைபாதையிலிருந்து விரட்டுவோரின் முன்னும் அவர்கள் தனியே நிற்க வேண்டிய நிலை மாறியது. ஊக்கத்தைப் பற்றிய பேச்சில் இதை மறக்கலாகாது. சில சோர்வுகள் மனத்தின் குறையால் வருபவை அல்ல. நூற்றுக்குப் பத்து வட்டி கட்டும் ஒருவருக்கு உற்சாகம் பற்றிப் போதிப்பதைவிட, நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கும் வழியைக் காட்டுவதே தர்மம்.

சங்கம் இல்லாத ஊரிலும், ஒரே தொழில் செய்யும் இரண்டு மூன்று பேர் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் கூடிப் பேசலாம். போட்டியாளர் என்ற தயக்கம் இருக்கும். ஆனால் தொழிலின் நுட்பமான துன்பங்கள் அதே தொழில் செய்பவருக்கே புரியும். எந்த மொத்த வியாபாரி மட்டமான நூலைத் தருகிறார், எந்த மாதம் இயல்பாகவே மந்தம் என்பவை தெரிந்தாலே பாதி மனக்கலக்கம் தீரும். மந்தம் தமக்கு மட்டுமன்று என்று அறிவது பெரிய மருந்து. காய்ச்சலில் கிடக்கும்போது அவசர வேலையை முடித்துக்கொடுக்கவும், வந்தவருக்குத் தகவல் சொல்லவும் அந்த நண்பரே உதவுவார்.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. திரும்பி வருபவரிடம் வாசலிலேயே 'இன்று எவ்வளவு?' என்று மட்டும் கேட்டால், வீடும் இன்னொரு கல்லாப்பெட்டி ஆகிவிடும். 'இன்று என்ன வேலை வந்தது?' என்று கேட்கும் மனைவியோ தாயாரோ, அறியாமலேயே அந்த இரண்டாம் கணக்கைத் திறந்து வைக்கின்றனர். வாரத்தில் ஒரு நாள் கடையை மூடுவதற்கும் அவர்களுடைய ஒப்புதல் வேண்டும். வார விடுமுறையை நஷ்டமாக எண்ணுவோர், வேலை நாளில் பாதி மனத்தோடு அமர்ந்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிடிவாதமும் உறுதியும்

திருதியிலும் மூவகை உண்டு என்று கீதை கூறுவது பலர் கவனத்துக்கு வருவதில்லை. உறக்கம், அச்சம், துயரம், மனச்சோர்வு, செருக்கு ஆகியவற்றை விடாமல் பிடித்துக்கொள்வதும் ஒரு பிடிப்புத்தான். அது தாமஸப் பிடிப்பு. பிடித்திருப்பதெல்லாம் உறுதியாகிவிடாது. தனித்தொழில் செய்பவருக்கு இந்தப் பாகுபாடு மிக முக்கியமானது. ஏனெனில் ஊக்கம் குன்றுவது சில வேளை மனத்தின் சோம்பலாக இராமல், காலம் அனுப்பும் செய்தியாகவும் இருக்கக்கூடும்.

தட்டச்சு இயந்திரம் பழுது பார்த்தவர்களை நினைத்துப் பார்க்கலாம். ஒரு காலத்தில் நீதிமன்ற வாசலிலும் அலுவலக வளாகங்களிலும் அவர்களுக்கு ஓயாத வேலை. கணினி பரவியது, வேலை ஆண்டுக்காண்டு சுருங்கியது. 2009-இல் கோத்ரெஜ் நிறுவனமும் தட்டச்சு இயந்திரத் தயாரிப்பை நிறுத்தியது. நேரம் தவறாமல் கடை திறந்தாலும், எதிரில் நிற்பவரையே நினைத்தாலும், எதிரில் நிற்க ஆளில்லாத நிலை அது. அப்போதும் 'நான் இந்தத் தொழிலில் முப்பதாண்டு அனுபவசாலி' என்று பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பது செருக்கின் பிடியாக இருக்கலாம். அந்த விரல்கள் கற்ற நுட்பமோ வேறு. வில்லையும் நெம்பையும் சிறு திருகையும் அறிந்த கைக்கு வேறு இயந்திரமும் வசப்படும். விட வேண்டியது இயந்திரத்தை. கை நுட்பத்தை அன்று.

களைப்பு எது, காலத்தின் செய்தி எது என்று எவ்வாறு பிரித்தறிவது? சோர்ந்த நாளின் மாலையில் முடிவெடுக்கலாகாது. அன்று எல்லாத் தொழிலும் அழிந்துவிட்டதாகவே தோன்றும். சில நாள் ஓய்வுக்குப் பின் கை மீண்டும் கருவியை விரும்பினால் அது களைப்பு. இரண்டு கணக்குகளும் எழுதப்பட்ட நோட்டு இங்கே உதவும். செய்த வேலையின் தரம் குறையாமல், நேரம் தவறாமல் ஓராண்டு நடத்தியும், வரும் வேலையின் எண்ணிக்கை மாதந்தோறும் இறங்கியே வந்திருந்தால் மாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய வேளை அது. தொழில் தெரிந்த, முகஸ்துதி செய்யாத ஒருவரிடம் அந்த நோட்டைக் காட்டிக் கருத்துக் கேட்பது நல்லது. முடிவை வீட்டாரோடு கலந்து, ஒரு தேதி குறித்து எடுக்க வேண்டும்.

மாறுவதாகவே முடிவானால் அதற்கும் ஒரு முறையுண்டு. ஒப்புக்கொண்ட வேலைகளை முடித்துக் கொடுக்க வேண்டும். முடிக்க இயலாதவற்றுக்கு வாங்கிய முன்பணத்தை, கேட்கும் முன்னரே திருப்பித் தர வேண்டும். பழைய வாடிக்கையாளர்களுக்கு நேரில் தெரிவித்து, இனி அவர்கள் யாரிடம் செல்லலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அது இதுநாள் வரை போட்டியாளராக இருந்த பக்கத்துத் தெருக்காரராக இருந்தாலும் சரியே.